மீன்காரம்மாவின் கணக்கு பிசகும்போது

வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும். வஞ்சிரம், சங்கரா, வவ்வால், நெத்திலி என்று கூடை கூடையாக இறங்கும் மீனைப் பார்த்த பார்வையிலேயே எடை போடுகிறார்கள் அங்கு வரும் பெண்கள். ஐஸுக்கு எவ்வளவு, ஆட்டோவுக்கு எவ்வளவு, தெருவில் என்ன விலைக்குப் போகும், மிஞ்சியதைக் கருவாடு போட்டால் என்ன தேறும் என்று எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே கூட்டிக் கழித்து விலை கேட்கிறார்கள். பேனாவும் இல்லை, காகிதமும் இல்லை. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்களும் அவர்களில் உண்டு.

நாற்பது வருஷம் இந்தக் கணக்கில் பிசகாத ஒரு அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் முந்நூறு ரூபாய் மீனுக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டு நீட்டப்படுகிறது. மீதி எவ்வளவு தரவேண்டும் என்று புரியாமல் நோட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அடுத்த வாரம், ஏற்கெனவே வாங்கிவிட்ட பாக்கியை அதே வீட்டில் மறுபடியும் கேட்கிறார். சண்டை வருகிறது. ஏமாற்றுகிறாள் என்கிறார்கள் தெருவில். ‘வயசாயிடுச்சு, கண்ணு தெரியல’ என்கிறார்கள் வீட்டில். பேத்திக்கு மட்டும் உறுத்துகிறது: ‘ஆயா முன்ன மாதிரி இல்லம்மா.’

இந்த அம்மா குறிப்பிட்ட ஒருவர் இல்லை. டிமென்ஷியா என்கிற மறதிநோய் ராயபுரத்திலோ எண்ணூரிலோ ஒரு வீட்டுக்குள் நுழையும்போது முதலில் எங்கே தலைகாட்டும் என்பதைச் சொல்லவே அவரை நிறுத்தியிருக்கிறேன். பெயர் மறந்துபோவதைத்தான் எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம். நோயோ அதற்கு முன்பே தொழிலின் கணக்கில், சமையலின் வரிசையில், சுபாவத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்த உறுத்தலைக் கேட்டவுடன் டாக்டரிடம் போகிறவர்கள் குறைவு. இரண்டு மூன்று வருஷம் கழித்து, ஆயா வழி தெரியாமல் தொலைந்துபோன பிறகுதான் ஓடுகிறோம்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதிநோயோடு வாழ்கிறார்கள் என்று ‘லாசி-டாட்’ என்ற தேசிய ஆய்வு 2023-ல் மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், படித்தவர்களைவிடப் படிக்க வாய்ப்பில்லாதவர்களிடமும் இது அதிகம். ஆனால் நம் மனதில் பதிந்திருக்கும் முகம் வேறு. ‘ஓ காதல் கண்மணி’யின் பவானி கர்நாடக சங்கீதம் பாடியவர். மலையாள ‘தன்மாத்ரா’வில் மோகன்லால் அரசு ஊழியர். அருமையான படங்கள், பல குடும்பங்களுக்கு நோயின் பெயரையே அறிமுகப்படுத்தியவை. மீன் விற்கும் அம்மாவுக்கும், ஃபவுண்டரியில் இருந்து ஓய்வுபெற்ற நைனாவுக்கும் இதே நோய் வரும் என்ற எண்ணத்தை இனி நாம்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் எது தெரியும்?

மறதியே இல்லாமல்கூட இது தொடங்கலாம். 1901-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் அகுஸ்ட டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவரைப் பரிசோதித்த அலாய்ஸ் அல்சைமரின் பெயர்தான் பின்னால் நோய்க்கே வந்தது. அந்தப் பெண்ணிடம் முதலில் தெரிந்த மாற்றம் கணவன்மேல் வந்த சந்தேகம் என்று அல்சைமர் எழுதியிருக்கிறார். மறதியும், சொந்த வீட்டுக்குள்ளேயே திசை தெரியாமல் தடுமாறுவதும் அதற்குப் பிறகு வந்தவை.

நூற்றிருபது வருஷம் கழித்து நம் தெருவில் அது எப்படிக் கேட்கிறது? ‘என் செயின மருமவ எடுத்து வச்சிகினா.’ செயின் அரிசிப் பானைக்குள் இருக்கும். வைத்தவர் மாமியார்தான். வைத்த நினைவு அவருக்கு உண்மையிலேயே இல்லை, ஆகவே யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று அவர் மூளை முடிவு கட்டுகிறது. ஒற்றை அறை வீட்டில் இந்த ஒரு வாக்கியம் குடும்பத்தையே இரண்டாக்கிவிடும். வாழ்நாளில் யாரையும் சந்தேகப்படாதவர் அறுபத்தைந்து வயதில் திருட்டுப் பட்டம் கட்டத் தொடங்கினால், அதை மாமியார்-மருமகள் சண்டை என்று ஒதுக்காதீர்கள். பழிக்கு ஆளாகும் மருமகள்தான் பல வீடுகளில் நோயை முதலில் பார்க்கிறவர். அவர் சொல்வதை வீட்டில் யாரும் காதில் வாங்குவதில்லை.

அடுத்தது அடுப்படி. புளியைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, பச்சை வாசனை போன பிறகு மீனைப் போடுகிற வரிசை அம்மாவுக்குத் தூக்கத்திலும் தெரியும். அது குழம்புகிறது. மீன் முதலில் விழுகிறது, உப்பு இரண்டு முறை விழுகிறது, கேஸ் எரிந்துகொண்டே இருக்கிறது. ஒருநாள் நடந்தால் அசதி. வாரத்துக்கு மூன்று நாள் நடந்தால், ‘இன்னைக்கு நீயே சமைச்சுடு’ என்று அவரே மெல்ல அடுப்பை விட்டு விலகினால், அது கவனிக்க வேண்டிய மாற்றம். தடுமாறுவது தெரிந்து ஒதுங்குகிறவர்கள் நிறையப் பேர். வெட்கப்பட்டுக்கொண்டு காரணமும் சொல்லமாட்டார்கள்.

கடற்கரையில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. வலை சரிசெய்யும் பெரியவரின் விரல்கள் பழையபடி முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்கும். பழகிப்போன கைவேலை மூளையின் வேறொரு பகுதியில் பதிந்திருப்பதால், அல்சைமரில் அது கடைசியாகத்தான் கெடுகிறது. ‘தாத்தா எவ்ளோ ஜோரா வலை கட்டுறாரு, அவருக்கு இன்னா நோவு?’ என்று வீடு நிம்மதியாகிவிடுகிறது. எந்தப் பருவத்துக்கு எந்த வலை, எத்தனை லிட்டர் டீசல், யாருக்கு எவ்வளவு பங்கு என்று அவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது இந்தக் கரையில் குழந்தைக்கும் தெரியும். மே மாதத்தில் நின்றுகொண்டு ‘ஏன்டா விசைப்படகு ஒன்னும் கடலுக்குப் போவல?’ என்று அவர் கேட்டால், பதில் சொன்ன அரைமணி நேரத்தில் மறுபடி கேட்டால், விரல்களின் ஜோரைப் பார்த்து ஏமாறக்கூடாது.

வழி தவறுவதிலும் வித்தியாசம் பார்க்க வேண்டும். மெட்ரோ 2021-ல்தான் விம்கோ நகர் வரை வந்தது. அதில் எந்தப் பக்கம் ஏறுவது என்று எழுபது வயதுக்காரர் குழம்பினால் ஒன்றுமில்லை. திருவொற்றியூர்த் தேரடியில் இருந்து தன் தெருவுக்கு வரத் தெரியாமல் நின்றால் அது வேறு. அதேபோல, ரேஷன் கார்டை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் வருகிறது. காலையில் ரேஷன் வாங்கி வந்ததே நினைவில்லாமல் மாலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவது அப்படி இல்லை. எடுத்துச் சொன்னதும் ‘ஆமாம்ல’ என்று ஞாபகம் வருகிறதா, எடுத்துச் சொன்னாலும் அந்தச் சம்பவமே வெற்றிடமாக இருக்கிறதா என்று கவனியுங்கள்.

பேச்சில் பொருளின் பெயர் வராமல் ‘அது... அந்த இது’ என்று பெருகும். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவருக்கு வங்கியில் கையெழுத்து ஒத்துவராது, ஏ.டி.எம். எண் மறக்கும், நீட்டிய பத்திரத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுவார். பென்ஷன் பணத்தையோ வீட்டையோ இழந்த பிறகு நோயைக் கண்டுபிடிப்பது கொடுமை. பணம் கையாளும் திறமை மிக முன்னதாகவே சரியத் தொடங்கும் என்பதால், அதிகாரத்தைப் பிடுங்காமல், கூடவே ஒருவர் உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

இன்னும் இரண்டு வகைகளை வேறு எதுவாகவோ நினைத்துக்கொள்கிறோம். மரியாதையாகப் பேசிய மனிதர் ஐம்பத்தைந்து அறுபது வயதில் திடீரென்று கூச்சமில்லாமல் கெட்ட வார்த்தை பேசுகிறார், யார் அழுதாலும் கண்டுகொள்வதில்லை, இனிப்பாகத் தின்றுகொண்டே இருக்கிறார். ஞாபகம் நன்றாக இருக்கும். ‘குடி’ என்று சொல்லிவிடுவார்கள். மூளையின் முன்பகுதி தேயும் வகை இப்படித்தான் வரும். இன்னொருவர், வீட்டு மூலையில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்வார். ஒருநாள் தெளிவாக, மறுநாள் மந்தமாக இருப்பார், நடையும் கை நடுக்கமும் மாறும். லூயி பாடி என்ற வகையின் அடையாளம் இது. காத்து கருப்பு என்று தர்காவுக்கும் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் கூட்டிப் போகிறார்கள். போகட்டும், மனசுக்குத் தெம்பு வேண்டும்தான். அதே வாரத்தில் டாக்டரிடமும் போக வேண்டும். குறிப்பாக இந்த வகைக்காரர்களுக்குச் சில மனநல மாத்திரைகள் கடுமையாக ஒத்துக்கொள்ளாது என்பதால், மருந்துக் கடையில் கேட்டு எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

சரிசெய்யக்கூடிய மறதி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். மறதி, குழப்பம் எல்லாமே டிமென்ஷியா இல்லை. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவை மறதிநோய் போலவே வேஷம் போடும். சிகிச்சையில் பெருமளவு சரியாகும். நீண்ட காலம் குடித்தவர்களுக்கு வைட்டமின் பி1 தீர்ந்துபோய் வரும் மறதியை முதலிலேயே பிடித்து ஊசி போட்டால் மேலும் கெடாமல் தடுக்கலாம். படகிலோ பைக்கிலோ விழுந்து தலையில் லேசாக அடிபட்டு, ‘ஒன்னும் இல்ல’ என்று வீட்டுக்கு வந்தவருக்குச் சில வாரம் கழித்து மூளை உறைக்கடியில் ரத்தம் கட்டி, பேச்சும் நடையும் குழம்பலாம். ஸ்கேனில் தெரிந்தால் அறுவை சிகிச்சையில் மீட்கலாம். ஒரே நாளில், இரண்டே நாளில் குழப்பம் வந்தால் அது அவசரம். சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, பக்கவாதம் எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறதிநோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்தான் நகரும்.

‘வயசாயிடுச்சு’ என்ற சொல் குணமாகக்கூடிய இத்தனை பேரையும் சேர்த்துப் புதைத்துவிடுகிறது.

இந்த மண்ணின் கணக்கு

மறதிநோய்க்கு வழிவகுக்கும், ஆனால் சரிசெய்யக்கூடிய 14 காரணங்களை ‘லான்செட்’ ஆணையம் 2024-ல் பட்டியலிட்டது. இவற்றை வாழ்நாள் முழுதும் சரிசெய்ய முடிந்தால் உலகில் சுமார் 45 சதவீத மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்றது. குறைந்த படிப்பு, காது மந்தம், கெட்ட கொழுப்பு, மனச்சோர்வு, தலையில் அடி, உடலுழைப்பின்மை, சர்க்கரை, புகை, ரத்த அழுத்தம், உடல் பருமன், மிதமிஞ்சிய குடி, தனிமை, காற்று மாசு, பார்வைக் குறைவு. இதை எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்று படித்தால் வேறுவிதமாக உறைக்கிறது.

காற்றை எடுங்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரியின் தூசு ராயபுரம் வீடுகளில் படிந்தது. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011-ல் நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. கரி இடம் மாறியதே தவிர வடசென்னையை விட்டுப் போகவில்லை. அனல்மின் நிலையங்களும் மணலி சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலைகளும் ஒரே வளையத்துக்குள் இருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது, அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது. இந்த ஊர்க்காரர்கள் நுரையீரலுக்காகக் கேட்கும் சுத்தமான காற்று அவர்கள் மூளைக்கும் சேர்த்துத்தான்.

ஆனால் இங்கே அதிகம் பேசப்படாதது காது. லான்செட் பட்டியலில் மிக அதிகப் பங்கு வகிக்கும் இரண்டு காரணங்களில் காது மந்தம் ஒன்று. ஃபவுண்டரி, கொதிகலன், பிரஸ் ஷாப், படகு எஞ்சின் என்று முப்பது வருஷம் இரைச்சலில் நின்றவர்கள் திருவொற்றியூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். காது கேட்காதவர் பேச்சில் கலந்துகொள்ளமாட்டார், சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். வீட்டில் உள்ளவர்கள் அவரிடம் பேசுவதையே குறைத்துக்கொள்வார்கள். தனிமையும் மூளைக்கு வேலையின்மையும் கைகோர்க்கின்றன. அமெரிக்காவில் நடந்து 2023-ல் வெளியான ‘அச்சீவ்’ ஆய்வில், பங்கேற்ற எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது காதுக் கருவியால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்த முதியவர்களிடம் மட்டும் மூன்று ஆண்டில் அறிவாற்றல் சரிவு 48 சதவீதம் குறைந்தது. நம் ஆலைத் தொழிலாளர்களை எந்தக் கூட்டத்தில் வைப்பது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரைச்சலால் வரும் காது மந்தம் சட்டப்படியான தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. வேலையில் இருக்கும்போதே பரிசோதித்துப் பதிவு செய்யச் சொல்லித் தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும்.

நல்ல செய்தியும் இந்த மண்ணில் உண்டு. ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடியின் குழு 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்ட முடிவு இது: இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு ஒரு மொழி மட்டும் பேசுகிறவர்களைவிட நாலரை ஆண்டு தாமதமாக நோய் தலைகாட்டியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் கடையில் உருதும் பேசும் தண்டையார்பேட்டைப் பாட்டிகளை அந்த முடிவைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

காகிதத் தேர்வும் கூடைக் கணக்கும்

உலகம் முழுக்கப் பயன்படும் ஞாபகச் சோதனை 1975-ல் அமெரிக்காவில் உருவானது. வாக்கியம் எழுதச் சொல்லும், ஐங்கோணம் வரையச் சொல்லும், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லும். பென்சில் பிடிக்காத கை அதில் தோற்கும், நோய் இல்லாவிட்டாலும். நன்றாகப் படித்தவரோ நோய் வந்த பிறகும் அதில் தேறிவிடுவார். இந்த அநியாயத்தைச் சரிசெய்ய முயன்றவர்களில் ‘10/66’ ஆய்வுக் குழு முக்கியமானது. மறதிநோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 சதவீதத்துக்கும் குறைவானவையே அங்கு நடக்கின்றன என்பதால் அந்தப் பெயர். 1998-ல் கொச்சியில் உருவான அந்தக் குழுவின் களங்களில் சென்னையும் வேலூரும் இருந்தன. காகிதத் தேர்வை மட்டும் நம்பாமல், நோயாளியைத் தினமும் பார்க்கும் குடும்பத்தாரிடமும் கேட்டு முடிவெடுக்கும் முறையை அவர்கள் வளர்த்தார்கள்.

ஆகவே டாக்டரிடம் போகும்போது தினமும் கூட இருப்பவர்தான் போக வேண்டும். வேலைக்குப் போகும் மகன் வந்து ‘நல்லாத்தான் சார் இருக்காரு’ என்று சொன்னால் பாதிச் செய்தி தொலைந்துவிடும். எப்போது தொடங்கியது, முன்பு செய்த எதை இப்போது செய்ய முடியவில்லை, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், விழுந்தாரா, குடிப்பாரா, தூக்கம் எப்படி என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ரத்தப் பரிசோதனையும் தலை ஸ்கேனும் எடுப்பார்கள். அல்சைமரைக் குணமாக்கும் மருந்து இன்று இல்லை. டோனெபெசில், மெமான்டின் போன்றவை சிலருக்குக் கொஞ்ச காலம் தெளிவு தரும். சீக்கிரம் கண்டுபிடிப்பதன் பெரிய லாபம் வேறு: தெளிவு இருக்கும்போதே சொத்தையும் சிகிச்சையையும் பற்றி அவர் விருப்பத்தை அவர் வாயாலேயே சொல்ல முடியும்.

போகப் பயப்படுகிறோம் என்பது எனக்குத் தெரியும். ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கும் நகரம் இது. அந்தக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பு, இன்று ‘டெம்கேர்ஸ்’ என்ற பெயரில் மறதிநோய்க்கெனத் தனிச் சேவை நடத்துகிறது. 1974 மே மாதம் நாடு முழுக்க ரயிலை நிறுத்திய தொழிற்சங்கத் தலைவர் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ், கடைசி ஆண்டுகளை அல்சைமரோடு கழித்து 2019-ல் மறைந்தார். இந்த நோயில் அவமானப்பட ஒன்றுமில்லை.

வடசென்னைக்காரர்களுக்குத் தொலைதூரம் போக வேண்டிய அவசியமும் இல்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நரம்பியல், மனநலம் இரண்டு பிரிவுகளும் உள்ளன. ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்று பெரியவர்கள் இன்றும் சொல்லும் அந்த இடம், 1782 பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றியதில் தொடங்கியது. அந்தச் சத்திரம் ஆதரவற்ற முதியோரின் இல்லமாக இருக்கிறது. கிண்டி கிங் ஆய்வக வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. மனநல ஆலோசனைக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்களை இலவசமாக அழைக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வேண்டுகோள். பார்க்க வரும் உறவினர்கள் பெரியவர் முன்னால் நின்று ‘நான் யாரு சொல்லு பாக்கலாம்?’ என்று பரீட்சை வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பதில் வராத அவமானம் அவர் முகத்தில் தெரிகிறது. சம்பவம் மறந்தாலும் அந்த வலி மறப்பதில்லை. ‘நான்தான் உன் தங்கச்சி மவன்’ என்று நீங்களே சொல்லிவிட்டு உட்காருங்கள். சட்டைப் பையில் பெயரும் போன் எண்ணும் இருக்கட்டும். டீக்கடையிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் சொல்லி வையுங்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த குப்பத்தில் பெரியவர் தொலைவது கடினம். எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பு போன்ற அடுக்குமாடிகளுக்கு மாறிய குடும்பங்கள் அந்தக் காவலைப் புதிதாகக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ராத்திரியெல்லாம் விழித்துப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கோ மருமகளுக்கோ வாரத்தில் ஒரு பகலாவது ஓய்வு கொடுங்கள். அண்ணன் தம்பிகள் பணம் அனுப்புவதோடு கடமை தீர்ந்துவிடாது.

அரசுக்கும் ஒன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கிறார்கள். வாசல்வரை வரும் அந்தச் சகோதரி அறுபதைக் கடந்தவர் இருக்கும் வீட்டில் இன்னும் இரண்டு கேள்வி கேட்கட்டும்: ‘ஆறு மாசமா ஞாபகத்துலயோ குணத்துலயோ மாற்றம் இருக்கா? முன்ன செஞ்ச எந்த வேலைய இப்ப செய்ய முடியல?’ ஆம் என்றால் ஸ்டான்லிக்கு ஒரு சீட்டு எழுதித் தரட்டும். தண்டையார்பேட்டை அரசுப் புறநகர் மருத்துவமனையில் வாரம் ஒருநாள் ஞாபக மருத்துவப் பிரிவும் காதுப் பரிசோதனையும் ஒரே கூரையின் கீழ் நடக்கட்டும். மாநகராட்சியும் சுகாதாரத் துறையும் நினைத்தால் இந்த ஆண்டே செய்யலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் யாராவது ‘ஆயா முன்ன மாதிரி இல்ல’ என்று சொல்லியிருந்தால், இந்த வாரமே அவரைக் கூட்டிக்கொண்டு ஸ்டான்லிக்குப் போங்கள்.